விவசாய குரூப்

ப்ளஸ் ஒன்னில் சேர அப்பாவும் நானும் திண்டிவனம் போன அன்று, பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்ற யாரிடமும் அவர் பெயர் கேட்கவில்லை. மார்க் ஷீட்டை வாங்குவார், அதைப் பார்த்துக்கொண்டே "கணக்குல எவ்வளவு?" என்பார். சொன்னதும் கையை வலப்பக்கமோ இடப்பக்கமோ காட்டுவார். வலப்பக்கம் போனவர்களுக்கு முதல் குரூப். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. அங்கே போனால்தான் பிறகு எங்கே வேண்டுமானாலும் போக முடியும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

எனக்குக் கணக்கில் நாற்பத்தொன்று. ஒலக்கூர்ப் பக்கம் நான் பத்தாவது படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனார்; அந்த வருடம் முழுக்க அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. கணக்கு பீரியடில் டிரில் வாத்தியார் தலையைக் காட்டி, சத்தம் போடாமல் உட்காரச் சொல்லிவிட்டுப் போவார். பாதி வகுப்பு அந்த ஒரு பாடத்தில் போய்விட்டது. நான் தேறியதே பெரிது என்றுதான் ஊரில் பேச்சு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். பாஸ் என்றால் பாஸ், அதற்கு மேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுதான்.

வாத்தியாரின் கை இடப்பக்கம் போனது. பிறகு அப்பாவின் செருப்பில்லாத காலையும் தோள் துண்டையும் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"உங்களுக்கு என்னங்க தொழிலு?"

"கூலிதாங்க சார். கொஞ்சம் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டையும் வெக்கறேன்."

"வேர்க்கடலையா? அப்ப ஒண்ணு பண்ணலாம். தொழில் பிரிவுல விவசாயம்னு ஒரு குரூப் இருக்கு. ரெண்டு வருஷம் படிச்சான்னா கையில ஒரு தொழில் இருக்கும். உங்க மாதிரி குடும்பத்துக்கு அதுதான் நல்லது."

எங்கள் ஊருக்கு விவசாய ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வருவார். வரப்பில் நின்றபடியே ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்து மருந்தின் பேரைச் சொல்வார். அப்பா யார் நிலத்தில் கூலிக்குப் போகிறாரோ அவர்களே அந்த ஆபீசர் முன்னால் துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுவார்கள். அந்த ஜீப்பிலிருந்து நான் இறங்குவதை அப்பா அந்த வராந்தாவிலேயே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அதையே குடுங்க சார். எங்களுக்குத் தெரிஞ்ச வேலதான. இன்னும் நல்லாப் படிப்பான்."

நன்றாகத்தான் படித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பாத்தி கட்டினோம், உரம் கலந்தோம், இலைப்புள்ளி நோயை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லக் கற்றோம். ஊர் டீக்கடையில் எனக்கு ஆபீசர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"இன்னா ஆபீசரே, நடந்து வர்ற? ஜீப்பு பஞ்சரா?"

"பஞ்சர் இல்லடா, எஞ்சினே போச்சு" என்பான் இன்னொருவன். "மாமனாருதான் இனிமே புதுசு வாங்கிக் குடுக்கணும்."

நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் ஆசைதான்.

ப்ளஸ் டூவில் எங்கள் குரூப்பில் நான்தான் முதல் மார்க். அடுத்த தெருவிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்து போன பையன் ஒருவன் முதல் குரூப் படித்தான். அவன் பிசிக்ஸில் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தான். என் மொத்த மார்க்குக்குக் கிட்டே அவன் இல்லை. அப்பா அதை இரண்டு தெருவிலும் சொல்லிவிட்டு வந்தார்.

விவசாயக் கல்லூரிக்குப் போட்ட மனுவுக்குக் கார்டு வரவில்லை. எங்கள் பிரிவுக்கு அங்கே விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான், போட்டவர்களோ எக்கச்சக்கம் என்றார்கள். விழுப்புரம் கல்லூரியில் பாட்டனி படித்தாலும் சுற்றி வளைத்து அந்த வேலைக்குப் போய்விடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி அதற்கும் போட்டேன். அங்கிருந்து இண்டர்வியூ கார்டு வந்தது. அந்தப் பையனுக்கும் வந்தது. அப்பாவையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அப்பா செருப்பு இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அது காலைக் கடித்தது.

பையனை முதலில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வெளியே வந்தான்.

"பாட்டனி குட்துட்டாங்கடா. எனக்குச் செடின்னாலே ஆவாது. இஞ்சினீயரிங்தான் கெடைக்கல, இதுல பூவப் பிச்சிக்கினு உக்காரணுமா? நீ வேணா எம் பேர்ல போய் உக்காந்துக்கோ."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. இவனுக்கே கொடுத்தார்கள் என்றால் எனக்கு இல்லாமல் போகுமா என்று.

என்னைக் கூப்பிட்டபோது அவரும் கூடவே உள்ளே வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியர் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைப் பார்த்து, "நல்ல மார்க்கா இருக்கே" என்றார். அடுத்த வரியிலேயே முகம் மாறியது. "தொழில் பிரிவா? தம்பி, பாட்டனிக்குக் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கணும். உனக்கு அது இல்லியே."

"சார், ஒரு வார்த்தைங்க" என்றார் அப்பா. "இப்ப வந்துட்டுப் போன பையனவிட எம் பையனுக்கு மார்க்கு ஜாஸ்திங்க. அவனுக்குச் செடிப் படிப்பு குடுத்துட்டு இவனுக்கு இல்லன்றீங்களே?"

"இது மார்க்கு விஷயம் இல்லீங்க. இவன் படிச்ச குரூப்பு வேற."

"இன்னா சார் வேற? இவனும் செடியத்தான படிச்சிக்கினு இருந்தான்? அந்தப் பையன் செடின்னா ஆவாதுன்றான் சார், வெளிய கேட்டுப் பாருங்க."

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. என் பத்தாவது மார்க் ஷீட்டைப் புரட்டி எடுத்து, விரலை வைத்துக் காட்டினார்.

"கணக்குல நாப்பத்தொண்ணு. அதனாலதான் மொத குரூப் குடுத்திருக்க மாட்டாங்க. அங்கியே வழி திரும்பிடுச்சுங்க. இப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"பத்தாவதுதான் பாஸாயிட்டானே சார்! அது முடிஞ்சி ரெண்டு வருசம் ஆவுது. பாஸானத இன்னும் எதுக்குங்க நோண்டறீங்க?"

பேராசிரியர் களைப்பாக இருந்தார். காலையிலிருந்து எத்தனை பேருக்கு இதையே சொன்னாரோ. "பி.ஏ. ஹிஸ்டரியில இடம் இருக்கு தம்பி. வேணும்னா இப்பவே சொல்லு, ஜல்தி. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "இஸ்ட்ரின்னா இன்னாடா?"

"ராஜாங்க கதப்பா."

"அதப் படிச்சி?"

எனக்கும் தெரியவில்லை. சரி சார் என்றேன்.

திரும்பி வரும்போது விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பையன் முன் சீட்டில் தூங்கிப்போனான். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் திண்டிவனத்து வாத்தியாரு அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ரெண்டு வருஷம் படிச்சா கையில தொழில் இருக்கும்னுதான் சொன்னாரு. மேல படிக்கலாம்னு அவர் சொல்லலியேப்பா."

"நாம கேக்கல."

"கேக்கணும்னு தெரியல."

வாத்தியார் மேல் கோபப்பட முடியுமா என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். இவன் மேலே படிப்பான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அப்பாவின் காலைப் பார்த்துக் குரூப் கொடுத்தார். அதற்குக் கோபப்பட்டு இப்போது என்ன ஆகப்போகிறது?

ஊரில் அப்பா, காலேஜில் சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். என்ன படிப்பு என்று சொல்லவில்லை. ஜனங்கள் தாங்களாகவே விவசாயம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த மூன்று வருடமும் சனிக்கிழமை சாயங்காலம் நான் பஸ் இறங்கினால், புள்ளி விழுந்த மல்லாட்டை இலையோடு யாராவது நிற்பார்கள். பையில் டில்லி சுல்தான்கள் இருப்பார்கள். இலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வேன். சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பாட்டனியிலேயே சேர்ந்துவிட்ட அந்தப் பையனுக்கு ரெக்கார்டு நோட்டில் வேர் முடிச்சு வரைந்து கொடுப்பதும் நான்தான்.

இந்த மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள், அம்மாவோடு களையெடுக்கப் போகும் அக்கா ஒருத்தி மகளோடு வீட்டுக்கு வந்தாள். மகளின் மார்க் ஷீட்டை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். பார்த்துக்கொண்டே, "கணக்குல எவ்வளவு?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. எனக்கே வெறுப்பாக இருந்தது.

முப்பத்தெட்டு.

"தையல் குரூப் எடுத்துக்கோன்னு வாத்தியாரம்மா சொன்னாங்க தம்பி. கைத்தொழில் கத்துக்குமாம். சரின்னு சொல்லிடட்டுமா?"

"அதுக்கு மேல காலேஜ் படிக்க வெப்பீங்களா அக்கா?"

"அது இன்னாத்துக்கு இப்பவே? ரெண்டு வருசம் போவட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

அப்பா சுவரோரம் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"அப்பப் பாக்க முடியாதும்மா. அவங்க இப்பவே பாத்துடறாங்க."

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாது இது, ஃபெயிலானாதான் பேஜாருன்னு பாத்தா, பாஸானாலும் பேஜாரா இருக்குதே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மகள் அவளை இடித்து, "படிக்கறேன்னு சொல்லும்மா" என்றது.

காமர்ஸ் குரூப் கிடைத்தால் பி.காம். போகலாம். முப்பத்தெட்டுக்கு அதைக் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த நாள் காலை அவர்களோடு நானும் திண்டிவனம் போனேன். அதே வராந்தா, அதே மேசை. வாத்தியார் மட்டும் வேறு ஆள். வரிசை பள்ளிக்கூட கேட் வரை வந்துவிட்டிருந்தது. கடைசியில் போய் நின்றோம்.