கலியனின் சலவைச் சட்டை

பந்தல் கட்டி முடித்ததும் கலியன் கை கால் கழுவி, பையில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சலவைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். நடுப்பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஊத்து" என்பார். அவர் மனைவி பெரியநாயகி ஏணியில் ஏறிக் கூரைமேல் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பார். சட்டையில் ஒரு சொட்டு விழுந்தாலும் தென்னங்கீற்றைப் பிரித்து மறுபடி வேய வேண்டியதுதான். நானறிய விழுந்ததில்லை.

மந்தாரக்குப்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தல் கலியனுடையதுதான். அடுத்தவர் கட்டிய பந்தலில் விருந்துக்கு உட்கார்ந்தால் இலையைப் பார்க்க மாட்டார், கூரையைத்தான் பார்ப்பார். "ரசத்துல மழ வுழப் போவுது, சீக்கிரம் துன்னுட்டு எழுந்திரிங்க" என்று பக்கத்து இலைக்காரரை மிரட்டுவார். வாய் கொஞ்சம் நீளம்தான். வேலை சுத்தம் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

2013 புரட்டாசியில் இவருக்கு ஒரு சோதனை வந்தது. சுரங்க இயந்திர வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்து, டவுன்ஷிப் விருந்தினர் விடுதியில் தங்கியிருந்த மிரியம் என்ற யூத அம்மாளுக்கு ஒரு குடிசை வேண்டுமாம். அவர்களுடைய சுக்கோத் பண்டிகைக்கு ஏழு நாளும் குடிசையில்தான் சாப்பாடு. உடன் வேலைபார்க்கும் இன்ஜினீயர் சங்கீதா அளவு சொன்னாள். கூரையில் இடைவெளி வேண்டும் என்றும் சொன்னாள். கலியன் தலையாட்டினார். "பாவம், வெளியூரு. நம்ம மழ தெரியாம சொல்லுது" என்று தானே முடிவுகட்டி, மாமரத்து நிழலில், இரண்டடுக்குக் கீற்றில், எறும்பு நுழைய இடமில்லாமல் வேய்ந்துவிட்டார்.

பண்டிகையன்று மாலை நான்கு மணிக்கு மிரியம் சங்கீதாவோடு வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. சூரியன் மறைந்தால் பண்டிகை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு கட்டுகிற வேலை கூடாது. மரத்தடியும் ஆகாது, வானம் தெரியாத கூரையும் ஆகாது. இந்த வருஷம் பண்டிகை இல்லை என்பதுபோல் விடுதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து வந்து நின்ற நான் கலியனைப் பார்த்தேன்.

"பொத்தக் கூர போட்டா நாளைக்கு எவன் என்னைக் கூப்புடுவான்?" என்றார் கலியன்.

"அண்ணே, அவங்க முன்னோருங்க எகிப்துல அடிமையா இருந்து விடுதலையாகி வந்தவங்க," என்றாள் சங்கீதா. "நாப்பது வருஷம் பாலைவனத்துல குடிசையிலதான் இருந்தாங்களாம். அத மறக்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் வீட்ட விட்டு வெளிய வந்து உக்கார்றாங்க. நிழலும் இருக்கணும், நட்சத்திரமும் தெரியணும்."

கலியன் தான் வேய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கப்பன் கான்ட்ராக்ட்ல மைன்சுக்கு வந்தப்ப நாங்களும் ஒம்பது வருஷம் கொட்டாயில கெடந்தோம். படுத்துகினே நட்சத்திரம் எண்ணலாம். அத மறக்கத்தான் நான் இத்தினி இறுக்கமா கட்டிகினு கெடக்கறன்."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அப்புறம் நடந்த அமர்க்களத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோட்டக்காரர், சமையல்காரர், வாட்ச்மேன், நான் என்று அகப்பட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காலைப் பிடுங்கிப் பந்தலை அப்படியே தூக்கினோம். "பைய, பைய. மூலைய வுடாத" என்று கலியன் அதட்ட அதட்ட, குடிசை சாமி பல்லக்கு மாதிரி ஆடிக்கொண்டே புல்வெளிக்குப் போனது. மிரியமும் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் செருப்பு போன இடம் தெரியவில்லை. பிறகு கலியன் ஏணியில் ஏறிக் கீற்றுகளை உருவ ஆரம்பித்தார். தன் பல்லைத் தானே பிடுங்குகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை, நிமிஷத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. "இது போதுமாண்ணே?" என்றாள் சங்கீதா.

கலியன் கை கால் கழுவி, சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஊத்து."

"முப்பது வருஷமா இதுக்குத்தான் காத்துகினு இருந்தன்" என்று பெரியநாயகி குடத்தோடு ஏறினார்.

தண்ணீர் தலையிலும் மூக்கிலும் சட்டைப் பையிலுமாகக் கொட்டியது. மிரியம் வாய்விட்டுச் சிரித்தார். கலியன் எழுந்திருக்கவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, கீற்று இடுக்கில் தெரிந்த வானத்தைப் பார்த்தபடியே, இன்னொரு குடம் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.