சந்தை ரோட்டு ஜன்னலுக்கு வந்த திரை

என் மகன் கோயமுத்தூரில் ஒரு வங்கியில் மேனேஜர். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவான். போன ஆடிக்கு முன்னால் அவனுக்கு ஒரு புது வியாதி பிடித்தது. பிரைவசி. வேலந்தாவளம் சந்தைக்குப் போகிற ரோட்டின்மேல் இருக்கிற வீட்டில், காலை முதல் மாடும் லாரியும் போகிற இடத்தில், அவனுக்குப் பிரைவசி வேண்டுமாம்.

வீட்டைக் கட்டியவன் நான். ரோட்டைப் பார்க்க வேண்டும் என்றுதான் முன்னறைக்குப் பெரிய ஜன்னல் வைத்தேன். மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவனுக்கு மனிதர்களைவிட மாடுகளைப் பார்த்தால் மனசு நிறையும். ரிட்டயரான பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போனது. கை தொங்குகிறது. இரண்டு பேர் தூக்காமல் நாற்காலியை விட்டு எழ முடியாது. வாய் கோணிவிட்டதால் பேசினால் பாதி சத்தம், பாதி எச்சில். என் வீட்டுக்காரிக்கு மட்டும் அதில் கொஞ்சம் புரியும். கண்ணுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை. இப்போது இடது கையால் எழுதப் பழகியிருக்கிறேன். நான் சொல்லும் சமயத்தில் அதுவும் வராது.

ஆனால் எனக்கு அந்த ஜன்னல் இருந்தது. சந்தை நாளில் மாடு வாங்கப் போகிறவர்கள், வாங்கி வருகிறவர்கள், கொடுக்கலாமா வேண்டாமா என்று முழிப்பவர்கள் எல்லாம் கேட்டுக்கு முன்னால் நிற்பார்கள். "கம்பவுண்டருங்க, ஒரு பார்வை பாருங்க" என்று மாட்டை நாலு எட்டு நடத்திக் காட்டுவார்கள். நான் இடது கையைத் தூக்கினால் மாடு சுகம். விரலை ஆட்டினால் வேண்டாம். இடுப்பைத் தட்டினால் இடுப்பில் கோளாறு, வயிற்றைத் தட்டினால் சினை என்று சொன்னது பொய். ஊரே அந்தச் சைகையைக் கற்றுக்கொண்டது. எம்.காம். படித்த என் மகன் கற்றுக்கொள்ளவில்லை.

"வெயில் அப்பா கண்ணைக் கூசுதுங்கம்மா" என்று அவன் அம்மாவிடம் ஆரம்பித்தான். எழுபது வருஷமாகக் கூசாத கண்! அவனுடைய விசாரம் எனக்குத் தெரியும். வாசலில் புதிதாகப் போட்ட இன்டர்லாக் கல்லில் சாணி விழுகிறது. அதைவிடப் பெரிய விசாரம், அவனோடு காரில் வந்த ஆபீஸ் சிநேகிதன் ஜன்னலைப் பார்த்து "யாரது?" என்று கேட்டுவிட்டான். வாயோரம் எச்சில் வழிய, பனியனோடு, மாட்டைப் பார்த்து விரல் ஆட்டுகிற கிழவனை அப்பா என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "தூரத்துச் சொந்தம்" என்றான். காதில் விழுந்தது. என் காதும் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து கடைக்காரர் துணி மாதிரிகள் ஒட்டிய புத்தகத்தோடு வந்தார். ரோலர் பிளைண்டாம். மேலே ஒரு குழாய், அதில் சுருட்டிய வலைபோன்ற மெல்லிய துணி, பக்கத்தில் மணி கோத்த செயின். இழுத்தால் இறங்கும், ஏறும்.

"இதுல விசேஷம் என்னன்னாங்க, பகல்ல உள்ள இருந்து பார்த்தா ரோடு அத்தனையும் தெரியும். ரோட்ல இருந்து பார்த்தா உள்ள ஒரு ஆளும் தெரியாதுங்க" என்றார் கடைக்காரர்.

மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவும் பிள்ளையும் அரைமணி நேரம் நிறம் பார்த்தார்கள். ஐவரி, கிரீம், பேர்ல், மில்க், இன்னும் ஏதோ ஒன்று. முப்பது வருஷம் பாலோடு புழங்கியவன் சொல்கிறேன், ஐந்தும் ஒரே வெள்ளை. அதில் ஒன்றைத் தள்ளி ஒன்றை எடுக்க அத்தனை முகச்சுளிப்பு, அத்தனை பெருமூச்சு. பெண் பார்க்கப் போனபோதுகூட என் மகன் இவ்வளவு யோசிக்கவில்லை. நான் விரலை ஆட்டினேன், வேண்டாம் என்று. "அப்பாவுக்கு பேர்ல் புடிக்கலீங்க போல" என்று சொல்லிவிட்டு ஐவரியை எடுத்தான்.

திரையை மாட்ட வந்தவர் ஜன்னலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் டேப் பிடித்து அளந்தார். சுவர் நேராக இல்லையென்று உச்சுக் கொட்டினார். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தக் கை எட்டும் என்று யாரும் பார்க்கவில்லை.

"செயின் எந்தப் பக்கம் வைக்கோணுங்க?" என்று அவர் கேட்டார்.

"சோத்துக்கைப் பக்கம்தானுங்க. புது சாமானம், நல்லதுக்கு வாங்கறோம். நொட்டாங்கைப் பக்கமா வைப்பாங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

மூன்று வருஷமாக என் இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துச் சாப்பிட வைப்பவள் அவள்தான். என் சோத்துக்கை செத்துப்போனது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் புருஷன் அப்புறம்தான். நான் கத்தினேன். "காப்பி வேணுமாட்ட இருக்குது" என்று உள்ளே போனாள். செயின் வலது பக்கம் தொங்கியது.

ஆடிக் காற்று எங்கள் பக்கத்தில் கணவாய் வழியாக வந்து கதவை உடைக்கும். முதல் நாளே திரையின் அடிக்கம்பி ஜன்னல் கட்டையில் டக் டக்கென்று அடித்து எல்லார் தலையையும் நோக வைத்தது. கடைக்காரரைத் திரும்ப வரவழைத்து, அடிக்கம்பியை இரண்டு பக்கமும் கொக்கியில் பூட்டினார்கள். கழற்ற இரண்டு கை வேண்டும். இந்த அறிவாளிகள் செய்த வேலையின் முடிவு என்னவென்றால், ரோடு முழுக்க எனக்குத் தெரிந்தது, நான் யாருக்கும் தெரியவில்லை.

சந்தை நாள் வந்தது. தெரிந்தவர் ஒருவர் கருகருவென்று ஒரு காரிக் காளையைக் கேட்டில் நிறுத்தி, வழக்கம்போல நடத்திக் காட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நல்ல காளை. கையைத் தூக்கினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கையை இன்னும் தூக்கினேன். வெள்ளைத் துணிக்குப் பின்னால் நான் ஆட்டிய கை யாருக்குத் தெரியும்? கத்தினால் காற்று வாங்கிக்கொண்டது. அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் காளையைத் திருப்பினார். அன்றைக்கு ஐந்து பேர் அப்படி நின்று போனார்கள். அடுத்த சந்தைக்கு இரண்டு பேர். அதற்கடுத்ததற்கு யாரும் நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துவிட்டு, "தூசி உளுந்திருச்சாட்ட இருக்குது" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒழலப்பதியிலிருந்து ஒரு பெண் வந்தாள், தன் மாட்டுக்கு என்னிடம் அடிக்கடி யோசனை கேட்க வருகிறவள். புருஷன் இல்லை. ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துக் குழந்தைகளைப் படிக்க வைக்கிறாள். அந்த மாடு செத்துப்போய், கடன் வாங்கி வேறு மாடு பார்த்திருந்தாள். மாட்டை விற்பவன் ரோட்டிலேயே பீடி பிடித்துக்கொண்டு நிற்க, அவள் மாட்டோடு கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். சாணி விழுந்துவிடுமே என்று என் மகன் ஓடி வந்தான். வாசல் கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"பணம் இன்னும் குடுக்கலீங்க தம்பி. கம்பவுண்டருங்க ஒரு பார்வை பார்த்துச் சொல்லிட்டா தெகிரியமா வாங்கிக்குவேன்."

திரைக்குள்ளிருந்து நான் மாட்டைப் பார்த்தேன். பின்னங்கால்களை அகட்டி அகட்டி வைத்தது. மடியின் ஒரு பக்கம் வீங்கிக் கல்லாகிக் கிடந்தது. மடிநோய், அதுவும் முற்றியது. ஒரு மாசத்தில் அந்தப் பக்கம் பால் வற்றிவிடும். நான் விரலை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

"அப்பாவுக்கு இப்பல்லாம் ஒண்ணும் புரியறதில்லீங்கக்கா" என்றான் என் மகன். "ஆளே அடையாளம் தெரியறதில்ல. வீணா எதுக்கு அலையறீங்க?"

பொறுக்க முடியவில்லை. உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி, 'வாங்காதே' என்று கத்தினேன். கோபம் வந்தால் என் வாய் இன்னும் கெட்டுப்போகும். வெளியே வந்தது வார்த்தை இல்லை, கன்று போட முடியாத மாடு கத்துகிற கத்தல்.

"கேட்டீங்களா? இப்படித்தானுங்க" என்றான் அவன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். நேராக என் முகத்தைத்தான் பார்த்தாள். துணி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து மாட்டைத் திருப்பி, பணத்தைக் கொடுக்க ரோட்டுக்குப் போனாள். எத்தனை அவசரத்திலும் ஜன்னலைப் பார்த்து "போய்ட்டு வர்றேனுங்க" என்று சொல்லாமல் அவள் கேட்டைத் தாண்டியதில்லை. அன்றைக்கு என் மகனிடம்கூட அதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.