வெறுங்கழுத்து

சித்தூரில் நான் போகிற சபையில் ஞானஸ்நானம் எடுக்கும் பெண்கள் எல்லா நகையையும் கழற்றிவிட வேண்டும், தாலி உட்பட. நானும் கழற்றிக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். உலகத்தை விட்டுவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னேன். சபைப் பக்கமே வராத என் கணவர் கத்துவார் என்று பயந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அவரோ என் கழுத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நான்தான் கீறேனே, அது இன்னாத்துக்கு?"

போன வருடம் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். கருமாதியன்று, அவருடைய அக்கா வழக்கப்படி தாலி கழற்ற என்னை உட்காரவைத்தார். கழுத்துவரை வந்த அந்த அக்காவின் கை அங்கேயே நின்றது.

"அவன் உசுரோட இருக்கசொல்லவே கழட்டிப் போட்டவதானே இவ," என்று எழுந்துபோனார்.

ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்: "உலகப் பந்தத்த முன்னாடியே உட்டுட்டீங்களேம்மா."

நான் விட்டது தங்கத்தை. ஆண்டவரே, இந்த மனுஷனை நான் விடவில்லை. நீர்தான் பிடுங்கிக்கொண்டீர்.