ஊசிக்காரரின் சம்பந்தி

மாற்றல் உத்தரவு கைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவர். புதிதாக ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. ஆறு பேர் பார்த்த வேலையை அது ஒன்றே பார்த்தது. ஆறு பேரில் எதிர்த்துப் பேசாதவர் அவர்தான் என்பதால் அவரைத்தான் முதலில் தூக்கியடித்தார்கள். ரயிலில் ஆறு மணி நேரம், அப்புறம் கழிமுகத்தைக் கடக்கப் படகில் நாற்பது நிமிடம். அந்தப் படகு நிற்கிற இடத்தில்தான் ஊர்.

"எனக்கு ஸ்கூல்ல இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. நீங்க முன்னாடி போங்க, லீவுக்கு லீவு வர்றேன்" என்றாள் மனைவி. சண்டை இல்லை. சமாதானம் என்றும் சொல்ல முடியாது. மகன் வெளிநாட்டில் இருந்தான், "கடலோரமாப்பா? ஜாலிதான்" என்றான்.

ஐஸ் உடைக்கிற கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. விடியும்போதே கீழே இயந்திரம் கடகடவென்று ஆரம்பித்துவிடும்; கட்டில், தம்ளர், அவர் பல் எல்லாம் சேர்ந்து ஆடும். உப்புக் காற்றில் தீப்பெட்டி நமத்துப்போனது. வந்த மூன்றாவது மாதம் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்து, அவரே படிக்கட்டில் ஒரு மணி நேரம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் தெருவில் போன யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. சின்ன ஊர், ஒரே ஆஸ்பத்திரி, ரத்தம் எடுக்க இவர் ஒருவர்தான். வந்த சில மாதத்திலேயே பாதி ஊரின் சர்க்கரையும் கொழுப்பும் இவருக்கு அத்துப்படி. பெயரை யாரும் கேட்கவில்லை, 'ஊசிக்காரர்' என்று ஆகிவிட்டது. டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு சட்டென்று தணியும். யாராவது ஒருவர், "மாஸ்டர், எனக்குச் சர்க்கரை இல்லாம" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்வார். பன்னில் பாதி தின்றவர் மீதியைத் தட்டுக்கு அடியில் ஒளிப்பார். அவர்கள் ரகசியத்தை இவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை. அங்கே நின்று அத்தனை பேரையும் சங்கடப்படுத்துவானேன் என்று, கொஞ்ச நாளில் டீயை அறையிலேயே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

தினமும் மாலை ஏழு மணிக்கு மனைவி போன் செய்வாள்.

"சாப்டீங்களா?"

"ம். நீ?"

"ஆச்சு. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமைதான் பெரும் பாடு. ஒரு ஞாயிறு என்ன செய்வதென்று தெரியாமல் பத்து மணிப் படகில் ஏறி உட்கார்ந்தார். அக்கரை வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. படகு ஓட்டுகிற சாரங்கு மேலே சுக்கான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நரைத்த மீசை, தொண்டைக்குள் எப்போதும் ஒரு சிரிப்பு.

"என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்ல... சும்மாதான்."

"சும்மா வர்றவங்க கீழ உட்காரக் கூடாது. மேல வாங்க."

அப்படி ஆரம்பித்தது. சாரங்கு மனைவியை இழந்தவர். ஒரே மகள், கல்யாணமாகி நகரத்தில் இருந்தாள். "உங்களுக்குப் பையன், எனக்குப் பொண்ணு. அதுங்க அவசரப்பட்டு வேற இடத்துல கட்டிக்கிடுச்சுங்க. அதுக்காக நம்ம உறவ விட முடியுமா?" என்று அன்றைக்கே அவரைச் 'சம்பந்தி' ஆக்கிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஊசிக்காரர் நான்கு நடை போய் நான்கு நடை வந்தார். சாரங்கு பேசுவார், இவர் கேட்பார்; போகப்போக இவரும் பேசினார். எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிறு சாரங்கின் முன்கையில் நீலநீலமாக ரத்தம் கன்றிய திட்டுகளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"எங்கயாவது இடிச்சிருக்கும், சம்பந்தி."

"இத்தன இடத்துலயா? ஈறுல ரத்தம் வருதா?"

சாரங்கு ஹாரன் அடித்தார். "நாளைக்கு வந்து ரத்தம் குடுங்க" என்றார் இவர். "ஊரே உங்களப் பாத்து ஓடுது. நான் மட்டும் இளிச்சவாயனா?" என்று சாரங்கு சிரித்தார். ஆனால் புதன்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவிக் காயவைத்துச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தார் ஊசிக்காரர். பார்த்தவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். ரத்தத்தில் நடமாடவே கூடாத அணுக்கள் பெரிது பெரிதாகக் கூட்டம் கூட்டமாக நின்றன. ரத்தப் புற்றுநோய். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். அப்போதெல்லாம் அது ஒரு எண், ஒரு சீட்டு. அந்த அறையில் அவர் தனியாக இருந்தார். ஒரு மனிதரின் உயிரைப் பற்றி அந்த மனிதருக்கே தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். போன் போட்டார். "வெள்ளி வரைக்கும் வெச்சிருக்காதீங்க. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார் டாக்டர். பக்குவமாகச் சொல்வது எப்படி என்று யாரும் அவருக்குக் கற்றுத்தந்ததில்லை.

நான்கு மணிப் படகு வந்து நின்றதும் துறைக்குப் போனார். சாரங்கு இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்டு எதுக்கு? உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கே. பெருசா?"

"பெருசுதான்."

"ம்." சாரங்கு தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். "யாரு கூட வருவா?"

"நான் வர்றேன்."

மறுநாள் முதல் படகில் கிளம்பினார்கள். முப்பது வருடமாக ஓட்டிய படகில் எங்கே உட்காருவது என்று சாரங்குக்குத் தெரியவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலோரம் மாறினார். மேலே உதவிச் சாரங்கு படகைத் திருப்பியபோது சாரங்கின் கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. "சீக்கிரம் திருப்பிட்டான்" என்று முணுமுணுத்தார்.

மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊசிக்காரர் திரும்பி வந்தார். ஊர் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்த மனுஷன் இவரோடு சேர்ந்தான், படுக்கையில் விழுந்தான் என்றார்கள். நேரடியாக யாரும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறியபோது, உதவிச் சாரங்கு சுக்கான் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்ட சத்தம் கீழே கேட்டது.

மனைவியிடம் முதல் முறையாக ஏழு மணி போனில் நீளமாகப் பேசினார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், அவர் சொல்லாமலேயே கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "உங்க சம்பந்தி வாய் ஓயல. நீங்க என்னென்னவோ பேசுவீங்களாமே? என்கிட்ட ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கீங்களா?" என்றாள். குரலில் கோபம் இருந்ததா, ஆச்சரியமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சாரங்கும் போன் செய்வார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

"தண்ணி எப்படி இருக்கு, சம்பந்தி?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லான்னா? ஏத்தமா, வத்தமா? காத்து எங்கேருந்து?"

அதனால் ஊசிக்காரர் தினமும் வேலை முடிந்து துறைக்குப் போய்ப் படிகளில் எந்தப் படி வரை நனைந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். அந்தத் தகவலைக் கேட்கும்போது மறுமுனையில் மூச்சு கொஞ்சம் நிதானமாகும்.

பதினான்கு மாதம் இருந்தார் சாரங்கு. ஒரு மதியம் மகள் பரிசோதனைக் கூடத்துக்கே போன் செய்து சொன்னாள். இவர் போய்க் கடைசியாக முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும்போது மனைவியும் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அந்த ஊருக்குக் கூட வந்தாள். ஐஸ் கடைச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். நமத்த துணிகளை வெயிலில் போட்டாள், அவை காயவேயில்லை. ஆறாம் நாள் ஜன்னலோரம் நின்று, "இந்த ஊர்ல எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பழகிடுச்சு."

"எனக்குப் பழகாதுங்க." மெதுவாகத்தான் சொன்னாள். "இங்க வந்து இருப்பேன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

"தெரியும்" என்றார். அவள் உண்மையைச் சொன்னது அவருக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

பத்தாம் நாள் காலை அவளைப் படகேற்றினார். அவள் கையசைத்தாள், ஜன்னல்கள் சிறிதாகிப் போனபின் எந்தக் கை அவளுடையது என்று தெரியவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பரிசோதனைக் கூடத்து வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறது? பசி உயிர் போகுது" என்றாள் முன்னால் நின்ற மீன்காரி.

"இதோ வந்துட்டேம்மா" என்று கதவைத் திறந்து, கையைக் கழுவிக்கொண்டு, முதல் ஆளைக் கூப்பிட்டார்.