மூக்கு நீண்ட சிவப்புக் கார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது நினைவுக்கு வரும். அடுப்படிக்கு வந்ததும் மறந்ததுபோல் நடந்துகொள்வேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிழை இருந்தால் முருகன் பொறுப்பான், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது. புக்கிட் காத்திலில் குடியிருந்தோம். மஸ்ஜித் தானாவுக்கு அப்பால், அம்மா பிறந்த தோட்டத்தின் முருகன் கோயிலில் அன்று திருவிழா. அம்மாவுக்குப் பால்குட வேண்டுதல். எதற்கு என்று கேட்டதற்கு, வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்று வாயை அடைத்துவிட்டார். கோயிலில் டின் பால்தான் கலந்து கொடுப்பார்கள். அம்மாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. விடியற்காலையில் மாட்டுக்காரர் வீட்டில் கறந்த பாலைக் குடத்தில் ஊற்றி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டார். கீழே வைக்கக்கூடாது. பன்னிரண்டு மணிக்கு அபிஷேகம். அதற்குள் போகாவிட்டால் வேண்டுதல் நிறைவேறாது, வெயில் ஏறினால் பாலும் திரிந்துவிடும். அந்தக் கவலை முழுவதையும் நான்தான் சுமந்துகொண்டிருந்தேன்.

ஏனென்றால் பக்கத்தில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. செங் என்ற ஊரில் ஒரு பட்டறையில் கார்களுக்கு ஒடுக்கெடுத்து, சாயம் அடித்தவர். சில மாதங்களாக வேலைக்குப் போகாமல் எங்கள் வீட்டில் இருந்தார். லீவு என்றார்கள். வேனுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். பெரிய ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர்ப் பணக்காரர்கள் அந்த மாதிரிக் கார்களை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் போர்ட்டிக்சன் பக்கம் போவார்கள். அன்றும் ஞாயிறு. என் தலையெழுத்து.

ஒரு கார் உறுமிக்கொண்டு எங்களை முந்தியது. சற்றுத் தூரத்தில் இளநீர்க் கடை முன்னால் அது நின்றிருந்தது.

"மச்சான், நிறுத்துங்க. அந்தச் சத்தத்தக் கேட்டீங்களா?" என்றார் மாமா.

"பால மடியில வச்சிக்கிட்டு வேடிக்க பாக்கப் போறோமா? புத்தி இருக்காடா ஒனக்கு?" என்று அம்மா சீறினார். அடுத்த மூச்சில் அப்பாவிடம், "ஓரமா நிறுத்துங்க. அஞ்சு நிமிசம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இதுதான். திட்டுவதும் அவரே, நிறுத்தச் சொல்வதும் அவரே.

மாமா தனியாகவும் இறங்கமாட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். இறங்கியதும் பரீட்சை ஆரம்பம்.

"கதவுல வெளிப்பக்கம் கைப்பிடி இருக்கா பாப்பா?"

"இல்ல."

"அப்ப இது எம்ஜி ஏ. எம்ஜி பி-ன்னா கைப்பிடி இருக்கும்."

கார்க்காரச் சீனத் தாத்தாவிடம் கேட்டுவிட்டு, சாமிக்குச் சந்தனம் பூசுவதுபோல் முன்சக்கரத்து மேல்தகட்டைத் தடவினார். "இப்படி வளைக்க எத்தன நாள் தட்டியிருப்பான்" என்று யாரிடமோ சொன்னார். அஞ்சு நிமிசம் இருபது நிமிசமானது. சுங்கை ஊடாங்கில் இன்னொரு வெள்ளைக் கார். அதன் சக்கரத்துக் கம்பிகளை என்னை எண்ணச் சொன்னார். நாற்பதுக்கு மேல் தப்பிப்போய் மறுபடி எண்ணினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, எரிச்சலில்.

மஸ்ஜித் தானா நெருங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எதிர்ப்பக்க மரநிழலில் சிவப்பாக, நீளமாக ஒன்று நின்றிருந்தது. மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அம்மா வழக்கம்போல் திட்டினார், வழக்கம்போல் வேன் நின்றது. நடுவில் மணல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலையோரத்தில் மாமா என் கையைப் பிடித்தபடி நின்றார்.

"மூக்கு நீளமா இருக்கா?"

"எல்லாக் காருக்கும் மூக்கு நீளந்தான்."

"வைப்பர் எத்தன? நல்லா எண்ணிச் சொல்லு. மூணு இருந்தா ஜாகுவார். வயசுக்கும் படத்துலதான் பாத்திருக்கேன், ஒரு தடவ தொட்டுப் பாத்துருவேன். ரெண்டுன்னா டாட்சன். அது பரவால்ல, போயிரலாம்."

எண்ணினேன். மூன்று. கண்ணாடியில் வரிசையாக மூன்று. திரும்பி வேனைப் பார்த்தேன். அம்மா மஞ்சள் துணியை விலக்கிப் பாலை முகர்ந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான் மாமா. வாங்க லா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். "சரி. டாட்சனும் நல்ல காருதான்" என்றார். வேன் படியைக் காலால் துழாவினார். வேண்டுமென்றே தாமதம் செய்கிறார் என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பால் திரியவில்லை. அது முருகன் தலையில் வழிந்தபோது அம்மா விம்மி அழுதார். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பொய்யை முருகனே என் நாக்கில் வைத்தான் என்றுகூட நினைத்தேன்.

தீபாவளிக்குள் மாமா சுவரைத் தடவி நடக்க ஆரம்பித்துவிட்டார். கண் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, வருடம் தாண்டாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்களாம். பால்குடம் அதற்குத்தான். அந்தக் கண்ணுக்காக நேர்ந்த பாலை மடியில் வைத்துக்கொண்டே, அந்தக் கண்ணுக்காகத்தான் அம்மா வேனையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

மாமா இப்போது புக்கிட் ரம்பாயில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போனால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஒரு நாள் ரோட்டுல டாட்சன் ஒண்ணு நின்னுச்சு, பாப்பாதான் பாத்துச் சொன்னா" என்று ஆரம்பிப்பார். நான் தேத்தண்ணி கலக்க உள்ளே போய்விடுவேன்.

அந்தப் பாலில் அவருக்குக் கண் திரும்பியது என்று கோயிலில் சிலர் சொல்கிறார்கள். திரும்பவில்லை. முருகன் கொடுக்காததை அவன் பேரில் சேர்க்க வேண்டாம். ஞாயிறுதோறும் பேத்திதான் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாள். என் வாயால் சொல்லத் துணிவில்லை. அந்தப் பிள்ளையோ, அவரை அறிந்த வேறு யாரோ, இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் மனம் நோகுமே என்று ஒரு வரியையும் தாண்டிப் போகாதீர்கள். எனக்குப் பரீட்சை வைக்கத்தான் எண்ணச் சொல்கிறார் என்று நினைத்த பிள்ளை நான். அவரால் எண்ண முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. வைப்பர் மூன்று இருந்தன. மூன்று என்றே வாசியுங்கள்.