மஞ்சள் பிள்ளையார் தலையில் ஆர்க்கிட்

மஞ்சள் ஸ்லிப்பர் ஆர்க்கிட் செடிகளை இலையை வைத்து இனம் பிரிப்பது கஷ்டம். பூத்தால்தான் ரகம் தெரியும். பூவில் பைபோல் தொங்கும் உதட்டிதழின் பருமனையும், மற்ற இதழ்களில் ஓடும் பழுப்புக் கோடுகளையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக் கரைத்துக் குடித்திருக்கிறேன். நேரில் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது.

பல வருடம் மலடாக நின்ற எங்கள் தொட்டிச் செடி ஒற்றைப் பூ விட்டது. ரகம் சொல்வதற்காக, ஆர்க்கிட் வளர்க்கும் நண்பர் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். மாடிக்கு அழைத்துப் போனேன். வெறும் காம்புதான் நின்றது.

"மொதப் பூவு சாமிக்குத்தானுங்க. இதைக் கேட்டுப்போட்டா பறிப்பாங்க?" என்றாள் மனைவி.

கீழே பூஜை அறைக்குப் போய்ப் பார்த்தோம். வெள்ளிக்கிழமைக்குப் பிடித்துவைத்த மஞ்சள் பிள்ளையாரின் தலையில் பூ அமுக்கிச் செருகப்பட்டிருந்தது. பை நசுங்கிவிட்டது. கோடு இருக்க வேண்டிய இடமெல்லாம் ஈர மஞ்சள்.

நண்பர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி குனிந்தார். "ஏனுங்க, இதுல பூவு எதுவரைக்குமுங்க?"

"எடுத்துக் கழுவிப் பார்க்கட்டுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சாமி தலையில வெச்சதையுங்களா?"

நண்பர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரவழைத்த நிபுணரே அந்தப் பக்கம் சாய்ந்த பிறகு நான் என்ன செய்ய? நானும் போட்டுக்கொண்டேன்.