நீலப் புள்ளிக் கிணறு

கமலா அக்காளின் மகள் புவனா அழைத்தபோது நான் அலோர் காஜா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மழை கொட்டியதில், அம்மா போய்விட்டார் என்று அவள் சொன்னது முதலில் காதில் விழவில்லை. விழுந்த பிறகு, வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புலாவ் செபாங்கில் உங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தவர் அக்காள்தான். அவருடைய வாய்த்துடுக்கும் உங்களுக்குத் தெரியும். சொன்ன நாளில் படம் கிடைக்காது. கேட்டால், "முருகனே அவசரப்படல, உனக்கு என்ன அவசரம்லா?" என்பார்.

கடையின் பின்னறையில் அவர் தமக்காக மாட்டியிருந்தவை வேறு. எல்லாம் வறண்ட சீமைகளின் பழைய நீர் வரைபடங்கள். கிணறு, ஊருணி, நிலத்தடி ஊற்று எனக் குறித்த, ஓரம் பழுத்த தாள்கள். அவற்றைத் தேடி மலாக்காவின் பழம்பொருள் கடைகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். கடை முதலாளியான சீனத் தவுக்கே துறைமுகப் படங்களைப் பெருமையாக விரிப்பார். அக்காள் அதை ஒதுக்கிவிட்டு, கப்பல் வேண்டாம், பெரிகி இருக்கிறதா என்று மலாயில் கேட்பார். பெரிகி என்றால் கிணறு. தவுக்கே என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். இப்படி மழை பெய்கிற ஊரில் இந்த அம்மாளுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

அவற்றில் ஒன்று இராமநாதபுரச் சீமையுடையது. வெள்ளைக்காரன் காலத்தில் அச்சிட்டது. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்தபோது அங்கிருந்து வந்தவர் அக்காளின் தாத்தா. அவர் பிறந்த ஊரின் பெயரும், அதற்கு வடக்கே ஒரு நீலப் புள்ளியும் அதில் இருந்தன. நீலம் என்றால் நல்ல தண்ணீர்க் கிணறு என்று அக்காள் முடிவு கட்டிவிட்டார். அங்கே போய் ஒரு வாய் குடிக்க வேண்டும், நானும் கூட வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இருவரும் பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டோம்.

ஒரு தீபாவளியன்று புவனா அந்தப் படத்தின் மூலையில் இருந்த பொடி எழுத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்தாள். நல்ல தண்ணீருக்குக் கறுப்பு. நீலம் உப்புத் தண்ணீருக்கு. நான் கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அக்காள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல தண்ணி இருந்திருந்தா தாத்தா ஏன்லா கப்பல் ஏறப் போறாரு? இப்பதான் கட்டாயம் போவணும். அத ஒரு வாய் குடிச்சாத்தான் அவரு பட்டது எனக்குத் தெரியும்."

டிக்கெட் எடுக்கலாம் என்றிருந்தபோது அக்காளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டயாலிசிஸ் மையமே கதியென்று ஆனது. தூரப் பயணம் கூடாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்றார்கள். அங்கே படுத்தபடி என்னை அருகே கூப்பிட்டார்.

"தண்ணியும் கூடாதாம், உப்பும் கூடாதாம். நான் ஆசப்பட்டதே அது ரெண்டுக்கும்தான்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அக்காள் இல்லாத புலாவ் செபாங் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கடையைத் தாண்டும்போது, உள்ளேயிருந்து என்னைப் பெயர் சொல்லித் திட்ட மாட்டாரா என்று இருக்கிறது. வரைபடங்கள் புவனாவிடம் இருக்கின்றன, அதுதான் முறை. என் பங்குக்கு அந்தப் பயணத்தை எடுத்துக்கொண்டேன். மாசியில் அவளும் நானும் போகிறோம். கிணறு தூர்ந்துகூடப் போயிருக்கலாம். இருந்தால், அக்காள் குடிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து வயிறு முட்டக் குடிப்பேன். உப்பாகவே இருக்கட்டும்.